சிறுகுறிஞ்சானும் என் இன்சுலினும்

எலிகளுக்குச் சர்க்கரை பார்க்கிற மீட்டரில்தான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவி. என் ஆராய்ச்சி சிறுகுறிஞ்சான் இலையைப் பற்றியது. வேலியோரங்களில் கொடியாகப் படரும் அந்த இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி, ஆல்கஹாலை ஆவியாக்கிவிட்டால் அடியில் கரும்பச்சையாகத் தார் போல ஒரு பசை தங்கும். அதுதான் சாறு. அது நீரிழிவைக் குறைக்குமா என்று முதலில் சோதனைக் குழாயில் பார்த்தோம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதியை அது ஓரளவு தடுத்தது. பிறகு முறைப்படி அனுமதி வாங்கி, எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்துக்கு வந்திருந்தோம்.

இதற்காக எலிக்கு நீரிழிவை வரவழைக்க வேண்டும். அதற்கென்று ஒரு மருந்து இருக்கிறது. அதை ஊசியில் போட்டால் கணையத்துக்குள் போய், இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். சில நாட்களில் எலி தண்ணீராகக் குடிக்க ஆரம்பிக்கும். கூண்டுக்கு அடியில் பரப்பிய உமி நனைந்து நாறும். ஓயாமல் தின்னும், ஆனாலும் முதுகெலும்பு தெரியும்படி இளைக்கும். இதையெல்லாம், பிறகு சாறு கொடுத்ததும் சர்க்கரை குறைகிறதா என்பதையும், நான் தினமும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அதே வாரங்களில் நானும் தண்ணீர் பாட்டிலோடுதான் அலைந்தேன். சித்திரை வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குப் போனபோது உம்மா என் சுடிதாரின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். கல்யாண வீட்டில் பார்த்தவர்கள் எல்லாம் இளைத்ததும் முகம் லட்சணமாகிவிட்டது என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒருநாள் காலை எலிகளின் அளவுகள் தாறுமாறாக வந்தன. புதிதாகப் பிரித்த ஸ்ட்ரிப் பெட்டியின் மேல் எனக்குச் சந்தேகம். நோயில்லாத ஆள் ஒருவரின் ரத்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னோடு ஆராய்ச்சி செய்யும் கவிதாவின் கையில் எலி இருந்தது, என் கை சும்மா இருந்தது. புது ஊசியை எடுத்து என் விரலில் குத்திக்கொண்டேன்.

மீட்டரில் எண்ணே வரவில்லை. ஹெச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் வந்தன. அளக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

கவிதா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஒனக்கு ஹாய் சொல்லுதுடி. ஸ்ட்ரிப்பு கெட்டுத்தான் போயிருக்கு. மேடம்கிட்ட சொல்லி மாத்திக்கலாம்."

எலியைக் கூண்டில் விட்டுவிட்டு அவளும் குத்திப் பார்த்தாள். அவளுக்குச் சரியான அளவு வந்தது. நான் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேறு விரலில் குத்தினேன். மறுபடியும் அதே இரண்டு எழுத்து. கவிதா மீட்டரைப் பார்த்தாள், என் இடுப்பைப் பார்த்தாள், மேசை மேல் காலியாகக் கிடந்த என் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.

"கிளம்பு," என்றாள்.

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து படிக்க வந்தவள் கவிதா. அவளுடைய அப்பா அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவளைப் படிக்க வைத்தவர்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்தான், ஆனால் அன்றைக்கு ஒரு தாயைப் போல என் துப்பட்டாவைச் சுருட்டி மடியில் செருகி, ஸ்கூட்டரில் தன் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அழைத்துப் போனாள். அந்தப் பிடியை விட்டிருந்தால் வழியில் விழுந்திருப்பேன்.

தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் என்னை வாயைத் திறந்து ஊதச் சொன்னார். அழுகிய பழத்தின் வாசனை வருகிறதா என்று பார்த்தார். வந்தது. பிறகு மணிக்கட்டுக்குள் ஊசியை நேராக இறக்கி, நாடித்துடிப்பு ஓடும் குழாயிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். கையில் சாதாரணமாக எடுக்கிற ரத்தம் போல அல்ல அது. எலும்பில் தீ வைத்தது போல வலித்தது. ரத்தத்தில் அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது.

எனக்கு வந்திருந்ததை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கொட்டிக் கிடந்தாலும் தசைகளால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சோற்றுப் பானைக்கு முன்னால் கை கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பது போல உடம்பு பட்டினி கிடக்கும். வேறு வழியில்லாமல் தன் கொழுப்பையே எரிக்கும். அப்படி எரிக்கும்போது கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும். அது சேரச் சேர மூச்சு வாங்கும், குமட்டும், நினைவு மங்கும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். பாடமாகப் படித்துப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் படுத்தபடி என் மூச்சு தானாக ஆழமாகவும் வேகமாகவும் போவதைக் கேட்டபோது அந்தப் பாடத்தின் பக்கம் அப்படியே கண் முன்னால் நின்றது. பயம் அப்போதுதான் வந்தது.

ஒரு கையில் சலைன், இன்னொரு கையில் இன்சுலின் சொட்டு. மணிக்கொரு முறை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் என்ற நர்ஸ் ஒவ்வொரு முறையும் குத்துவதற்கு முன் என் விரலைத் தன் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் தேய்த்துச் சூடாக்குவார். "சூடாக்கிட்டா ஒரே குத்துல ரத்தம் வந்துரும்மா. ரெண்டு தடவை குத்த வேணாம்ல," என்றார். எலியின் வாலை வெதுவெதுப்பான நீரில் நனைத்துவிட்டுக் குத்துவது நாங்களும் செய்கிற காரியம்தான். கண்ணை மூடிக்கொண்டால் வரிசையாக அந்தக் கூண்டுகள் தெரிந்தன. அவற்றைப் பற்றி அவ்வளவு நாளும் நான் நினைக்காத விதத்தில் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

உம்மாவும் வாப்பாவும் அதிராம்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அவர்களை உள்ளே விடவில்லை. பார்வையாளர் நேரம் வரைக்கும் வெளியே காத்திருந்தார்கள். அந்தக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பலர் தரையில்தான் இருந்தார்கள். மாமனாரைச் சேர்த்திருந்த திருக்காட்டுப்பள்ளிப் பெண் ஒருவர் தன் பாயில் பாதியை ஒதுக்கி உம்மாவைப் படுக்க வைத்ததாகவும், உம்மா தொழும் நேரங்களில் எழுந்து பாய் முழுவதையும் விட்டுக்கொடுத்ததாகவும் பிறகு சொன்னார்கள். அந்தப் பெண்ணின் பெயரை உம்மா கேட்டுக்கொள்ளவில்லை. அது இன்னும் உம்மாவுக்குக் குறையாக இருக்கிறது.

வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடம் சவுதியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், பட்டுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்தார். சுக்கு, திப்பிலி, கடுக்காய், ஆவாரம்பூ எல்லாம் உண்டு. எல்லாவற்றையும்விட அதிகம் விற்பது சிறுகுறிஞ்சான் பொடி. வாப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. காலையில் டாக்டர் கொடுத்த மாத்திரை, அதன்பின் சிறுகுறிஞ்சான் கஷாயம், இரண்டையும் விடமாட்டார். புது ஆள் யாராவது நம்பாமல் கேட்டால் இலையை மென்று துப்பச் சொல்லி, நாக்கில் சீனியை வைப்பார். இனிப்பே தெரியாது, மணலைப் போட்டது போல இருக்கும். நான் அந்த இலையை ஆராய்ச்சிக்கு எடுத்தபோது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டவர்.

அமிலம் இறங்கி, மூச்சு சீராகி, என்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நீரிழிவு பெரும்பாலும் இரண்டு வகை. வாப்பாவுக்கு இருப்பது இரண்டாவது வகை. அதில் இன்சுலின் சுரக்கும், ஆனால் போதாது, அல்லது உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாது. மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று பலருக்கு வண்டி ஓடிவிடும். முதல் வகையில் நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் இன்சுலின் செல்களைத் தாக்கி அழித்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும் என்பார்கள், பெரியவர்களுக்கும் வருவதுண்டு. அதற்கு ஆயுள் முழுக்க ஊசி ஒன்றுதான் வழி. எனக்கு எந்த வகை என்று பார்க்க ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாவது வகையாக இருக்க வேண்டும் என்று நான் கேட்காத துஆ இல்லை. வியாதியில் இதைக் கொடு, அதைக் கொடுக்காதே என்று இறைவனிடம் பேரம் பேசுவேன் என்று அதுவரை நினைத்ததில்லை. இரண்டாவது வகை என்றால் மாத்திரை உண்டு, என் இலையும் உண்டு. இத்தனை நாள் அரைத்து வடித்தது எனக்கே உதவியது என்று ஆகிவிடும். அப்படி ஒரு ஆசை.

முடிவு வந்த காலையில் உம்மா என் கட்டிலருகே இருந்தார், வாப்பா ஒரு ஃப்ளாஸ்க்கோடு வந்தார். அவர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த அறையில் அடுப்பு இல்லாததால் எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் கேட்டு, அவர் அடுப்பிலேயே கஷாயம் போட்டுக் கொண்டு வந்திருந்தார். வார்டு முழுக்க அந்தக் கசப்பு வாசனை. மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிரும்மா."

மறுக்க மனம் வரவில்லை. கையை நீட்டிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அந்த நேரத்தில்தான் டாக்டர் உள்ளே வந்தார். நரை விழுந்த பெண்மணி, அவசரமே இல்லாதவர். மூடியைப் பார்த்து, "என்ன பாய், கஷாயமா?" என்றார்.

"சிறுகுறிஞ்சாங்க டாக்டர். நம்ம கடை சரக்கு. எம்மவ ஆராய்ச்சி பண்றதும் இதைத்தான்."

"நல்ல இலைதான். நீங்க குடிக்கிறீங்களா?"

"பல வருஷமா குடிக்கிறேங்க. உங்க மாத்திரையும் போடுறேன்."

"மாத்திரைய விடாம இருக்கீங்களே, சந்தோஷம்." ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கட்டிலருகே உட்கார்ந்தார். "ஆயிஷா, ரிசல்ட் வந்துருச்சு. முதல் வகைதாம்மா. உனக்கு நான் விளக்க வேண்டியதில்ல. அம்மா அப்பாவுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க டாக்டர்," என்றேன். அவரே சொன்னார். கணையத்தில் இன்சுலின் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுவிட்டது, இனி ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஊசி, ஊசியை ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் மறுபடியும் தீவிர சிகிச்சைப் பிரிவுதான். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாப்பா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீதானம்மா சொன்னே? எலிக்குக் குடுத்தா குறையுதுன்னு நீதானே சொன்னே?"

அவர் குரலில் கோபம் இல்லை. நான் சொன்னதை நம்பி ஊரெல்லாம் பேசிய மனிதர் என்னிடமே கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லா எலிக்கும் குறையல வாப்பா," என்றேன். "சில எலிக்கு எவ்வளவு குடுத்தும் குறையல. ஏன்னு எங்களுக்குப் பிடிபடாம இருந்துச்சு. இப்ப யோசிச்சா இதுதான் காரணமா இருக்கும்னு தோணுது. கணையத்துல மிச்சம் மீதி இருக்கிற செல்லைத் தட்டி எழுப்பி வேலை வாங்குறதுதான் அந்த இலையோட வேலை. உங்களுக்கு அது இருக்கு. எனக்கு எழுப்புறதுக்கு உள்ள ஆளே இல்ல வாப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்கும் உறைத்தது. அழுகை வந்தது. டாக்டர் என் முழங்காலில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார், அழாதே என்று சொல்லவில்லை. வாப்பா நீட்டிய மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் அதைத் தானே குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு இன்னும் உள்ள ஆள் இருக்குல்ல," என்றார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு உம்மா சிரித்தது அப்போதுதான். அழுதுகொண்டே சிரித்தார்.

டாக்டர் கிளம்பும்போது உம்மா தயங்கித் தயங்கி வாசல் வரை போய்த் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டார். இந்த மருந்து பன்றியிலிருந்து எடுப்பது என்று யாரோ சொன்னார்கள், உண்மையா என்று. டாக்டர் அதைச் சிறுபிள்ளைத்தனமாக எடுத்துக்கொள்ளவில்லை. "முன்னாடி பன்னி, மாடு ரெண்டோட கணையத்துலேர்ந்தும் எடுத்தாங்கம்மா. இப்ப குடுக்கிறது அப்படியில்ல. நுண்ணுயிரை வச்சு, மனுஷன் உடம்புல சுரக்கிற மாதிரியே தயார் பண்றாங்க. மனசு நிம்மதியா போட்டு விடுங்க," என்றார். உம்மா அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

ஊசி போடக் கற்றுக்கொடுத்தது ஸ்டெல்லா சிஸ்டர்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் தன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வார்டுக்கு வந்து, ஒரு சாத்துக்குடியை வைத்துக் காட்டினார். பேனா போல இருக்கும், மேல் முனையைத் திருகினால் எவ்வளவு மருந்து என்று எண் தெரியும், வயிற்றுத் தோலில் குத்தி மேலே அழுத்த வேண்டும். ஊசியைக் கண்டாலே உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். சவுதிக்குப் போகும் முன்பு, தடுப்பூசி போட என்னைத் தூக்கிக்கொண்டு போனதே வாப்பாதான். அந்த உம்மா சாத்துக்குடியில் நாலைந்து முறை குத்திப் பார்த்துவிட்டு, மருந்தில்லாத வெறும் ஊசியைத் தன் வயிற்றில் குத்தச் சொன்னார்.

"எதுக்கும்மா? நீங்க போட்டுக்கப் போறதில்லையே," என்றார் சிஸ்டர்.

"எம்புள்ளைக்கு எவ்வளவு வலிக்கும்னு தெரிய வேணாமா?" என்றார் உம்மா.

குத்திய பிறகு கண்ணைத் திறந்து, "இவ்வளவுதானா," என்றார். எனக்குப் பாதி பயம் அந்த ஒரு வார்த்தையில் போனது.

பில் விஷயம் என் காதில் விழாமல் வாப்பா பார்த்துக்கொண்டார். இன்றுவரை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "நீ படிச்சு முடி," என்பார். ஆனால் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் பெரியம்மா தொலைபேசியில் பேசியது காதில் விழுந்தது. வாப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "வெளியில மூச்சு விடாதீங்க, புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்ல," என்றார் பெரியம்மா. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

"மறைச்சு வச்சா எங்க போய் ஊசி போடுவா?" என்று கேட்டார் வாப்பா. "பொண்ணு கேக்குறவங்ககிட்ட சொல்லித்தான் குடுப்போம். ஊசிய ஒளிச்சு வைக்கிற வீடு எம்மவளுக்கு வேணாம்."

ஊசி போடுவதில் இன்னொரு பயம் உண்டு. மருந்து கொஞ்சம் கூடிவிட்டாலோ, சாப்பாடு தள்ளிப்போனாலோ சர்க்கரை, இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிடும். மறுபடி கல்லூரிக்குப் போக ஆரம்பித்த புதிதில், தஞ்சாவூர் பஸ்ஸில் ஒரத்தநாடு தாண்டியதும் எனக்குக் கை நடுங்கியது, உடம்பு வியர்த்துக் கொட்டியது. பையில் குளுக்கோஸ் இருந்தது. ஆனால் பையின் ஜிப்பைத் திறக்க வேண்டும் என்பதே புத்திக்கு எட்டவில்லை. பக்கத்தில் வாழைப்பழத் தாரோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். "என்ன பாப்பா, மயக்கமா வருதா, சுகரா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து என் வாயிலேயே ஊட்டினார். பிறகு இன்னொன்று. நடத்துநரிடம் சொல்லி யாரிடமோ குளிர்பானம் வாங்கிக் குடிக்க வைத்தார். தெளிந்ததும் நன்றி சொன்னேன். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்புடித்தான் வரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோயில் விசேஷத்துக்குக் கொண்டு போன தார் அது என்று பிறகு தெரிந்தது.

கல்லூரியில் நான் இல்லாத நாளெல்லாம் கவிதா தன் வேலையோடு என் எலிகளையும் பார்த்திருந்தாள். ஒரு வேளை சாறு தவறவில்லை, ஒரு அளவு விடுபடவில்லை. நான் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் எங்கள் மேடத்திடம் போய், குறையாத எலிகளைப் பற்றி வாப்பாவிடம் சொன்னதைச் சொன்னேன். அதுவரை அந்த எலிகளை விதிவிலக்கு என்று ஓரமாகக் குறித்து வைத்திருந்தோம். மேடம் உறைபெட்டியில் இருந்த ரத்த மாதிரிகளை எடுத்து இன்சுலின் அளவு பார்க்கச் சொன்னார். சாற்றுக்கு அசையாத எலிகளில் இன்சுலின் ஏறக்குறைய இல்லவே இல்லை. செல்கள் கொஞ்சமாவது தப்பியிருந்த எலிகளில்தான் என் சாறு வேலை செய்திருந்தது.

"இதை அடிக்குறிப்புல போடாதே. தனி அத்தியாயமா எழுது," என்றார் மேடம். "இந்த இலை யாருக்கு உதவலாம்ங்கறதோட, யாருக்கு உதவாதுங்கறதும் எழுதணும். மனுஷங்ககிட்ட பார்க்காம அதுக்கு மேல ஒரு வரிகூட வேண்டாம்."

அந்த அத்தியாயத்தை நான் மூன்று வேளை ஊசிக்கு நடுவில் எழுதினேன். என் ஆய்வில் நான் மிகவும் மதிக்கிற பகுதி அதுதான். அதற்காக அந்த எலிகளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போயிருந்தேன். பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கூடவே கல்லூரி வயதில் அவர் மகள். ஒல்லியான பெண், கடைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றாள். அந்த அம்மா அரைக் கிலோ சிறுகுறிஞ்சான் பொடி கேட்டார்.

வாப்பா டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டபடி, இப்போதெல்லாம் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "யாருக்குங்க?"

"இதோ, இதுக்குத்தான் பாய்."

"மாத்திரை போடுதா, ஊசி போடுதா?"

"ஊசிதான் பாய். பள்ளிக்கூடம் படிக்கையிலேர்ந்து. அதை நிறுத்திரலாம்னுதான் இது வாங்க வந்தேன். நாளைக்குப் போற எடத்துல ஊசியும் கையுமா நிக்க முடியுமா, சொல்லுங்க?"

வாப்பா கரண்டியை வெளியே எடுத்தார். பொடியைத் தட்டி உள்ளேயே போட்டு டப்பாவை மூடினார்.

"இது உங்க பொண்ணுக்கு இல்லீங்க," என்றார்.

"சர்க்கரைக்குத்தானே விக்கிறீங்க?"

"எனக்கு இருக்கிற சர்க்கரை வேற, பாப்பாவுக்கு இருக்கிற சர்க்கரை வேற. ஊசிய நிறுத்திட்டு இதைக் குடுத்தீங்கன்னா புள்ளை தாங்காதுங்க."

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்தது. "நீங்க தராட்டி வேற கடையில வாங்கிக்கிறேன்."

"கிடைக்கும்தான். உங்களை நான் தடுக்க முடியாது." வாப்பா என் பக்கம் திரும்பினார். "எம்மவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க. அதுவும் ஊசிதான் போடுது. இந்த இலையைப் பத்தித்தான் படிப்பே படிக்குது."

அந்த அம்மா போகத் திரும்பினார். ஆனால் வாசலில் நின்றிருந்த பெண் நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நெசமாவா? நீங்களுமா?"

பையிலிருந்து ஊசிப் பேனாவை எடுத்துக் காட்டினேன். அவள் படியேறி உள்ளே வந்தாள். பெயர் தீபிகா. தன்னைப் போல ஊசி போடும் இன்னொரு ஆளை அதுவரை நேரில் பார்த்ததே இல்லை என்றாள். வீட்டில் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் போடுவாளாம். கல்லூரியில் மதிய ஊசியைப் போடுவதே இல்லையாம், போடாததால் மதியம் சாப்பிடுவதும் இல்லையாம். அதை அவள் சொன்னபோது அவள் அம்மா சட்டென்று அவளைப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி.

"மத்தியானம் சாப்பிடுறதில்லையா நீ?"

தீபிகா தரையைப் பார்த்தாள்.

நான் அந்த அம்மாவிடம் வகைகளைப் பற்றியெல்லாம் நீளமாகப் பேசவில்லை. எலிகளைப் பற்றிச் சொன்னேன். சாறு கொடுத்தும் குறையாத எலிகளுக்கு உள்ளே என்ன இல்லை என்று சொன்னேன். பரிசோதித்தவளே நான்தான், எனக்கு அந்த இலை உதவியிருந்தால் முதலில் குடித்திருப்பது நானாகத்தான் இருக்கும் என்றேன். அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சாப்பாட்டு நேரம்," என்றார் வாப்பா. "உம்மா மூணு பேரு சாப்பிடுற மாதிரிதான் வச்சு விடும். இருங்க, எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்."

சோறும் மீன் ஆணமும் திறந்து வைத்தேன். தீபிகா தன் பையின் அடியில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த பேனாவை எடுத்தாள். எடுத்துவிட்டு, உள்ளே மறைவாக இடம் இருக்கிறதா என்று கடையைச் சுற்றிப் பார்த்தாள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்து என் பேனாவைத் திருகினேன். வாப்பா எங்களுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குத்தியதும் உடனே ஊசியை எடுத்துவிடுவது அவள் பழக்கம். குளியலறைக்கு வெளியே யாராவது கதவைத் தட்டுவார்கள் என்ற அவசரம். அப்படி எடுத்தால் மருந்து கசிந்துவிடும், பத்து எண்ணும் வரை வைத்திருக்க வேண்டும் என்றேன்.

அவளுடைய துப்பட்டா காற்றில் பறந்து கை மேல் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அம்மா எழுந்து வந்தார். துப்பட்டாவை ஒதுக்கித் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

தீபிகாவும் நானும் சத்தமாகப் பத்து வரை எண்ணினோம். பிறகு நாலு பேரும் சாப்பிட்டோம்.